ஒலியாத அடி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் படிக்கப்பட்ட உரை)



நேரிற்கண்ட கலைஞர் ஒருவரைப் பற்றி உறுப்பினர் சிலர் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். எனக்கு முன் பேசியவர்களுள் ஒருவர் தெருக்கூத்து ஆசிரியர் ஒருவரைப் பற்றியும், மற்றவர் 2001ஆம் ஆண்டில் மறைந்த நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் அவர்களின் நாகசுரத்தைப் பற்றியும் நெஞ்சம் நெகிழப் பேசி அமர்ந்துள்ளனர். அந்தச் சுவை உங்கள் செவியில் இன்னும் தங்கியிருக்கும் வேளையில், இலண்டன் மாநகரத்து ராக் இசைக்குழு ஒன்றைப் பற்றிப் பேச எழுந்திருக்கும் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்பது அக்குழுவின் பெயர். 1962ஆம் ஆண்டில் தோன்றிய அக்குழுவை நான் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் இரவு, பெங்களூர் அரண்மனைத் திடலில், மழையில் நனைந்து கொண்டே கண்டேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கையில் தாளின்றிப் பேசுவது என் வழக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனால் நேரும் தொல்லையையும் அறிவீர்கள். இன்று முழுவதையும் எழுதி வந்து படிக்கிறேன். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன் ஒருவரின் கையில் இவ்வுரையின் படி ஒன்று இருக்கிறது. நான் வாயால் படிப்பதை அவர் கண்ணால் படித்து வருகிறார். அவருக்குக் காது கேளாது. தம் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் இட்ட கட்டளை. ஆகவே அண்ணன் என்றே சொல்லிச் செல்கிறேன்.

இந்த இசையை எனக்குத் தந்தவர் அவர்தாம். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். கோயம்புத்தூரில் ஈராண்டு கல்லூரியில் படித்துவிட்டு, தந்தையார் நோயுற்றதால் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பி, நான்கு விசைத்தறிகளின் பொறுப்பை ஏற்றார். படிப்பில் அவர் கொண்டு வந்தது எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது. ஒரு டேப் ரிக்கார்டரும் ஏழெட்டு ஒலிநாடாக்களும் கொண்டு வந்தார். தறிக்கொட்டகையில் மின்சாரம் நின்றுபோகும் நேரங்களில்தான் அவற்றைக் கேட்க இயலும். மின்வெட்டை வரம்போல் எதிர்பார்த்த இளைஞர் எடப்பாடியில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்திருப்போம். தறிகள் ஓய்ந்தவுடன் செவியில் ஒரு வெறுமை வந்து நிறையும். அந்த வெறுமைக்குள் கிதார் ஒன்று கரகரத்துப் புகும். ஆங்கிலச் சொற்கள் எங்களுக்குப் பாதியும் விளங்கவில்லை. அந்தப் பாடகர் சொற்களை மென்று உமிழ்ந்ததால் ஆங்கிலேயர்க்கே பாதிதான் விளங்கும் என்பதைப் பிற்காலத்தில் படித்து ஆறுதல் அடைந்தேன்.

ஒலிநாடா மின்கலத்தில் ஓடும்; மின்கலம் தளரத் தளரப் பாட்டு மெதுவாகும். ஆகவே அந்தப் பாடல்களின் உண்மையான விரைவு இன்னதென்று எங்களுக்குத் தெரியாது. பாடுவோரின் முகமும் தெரியாது. உடலற்ற குரலாக, கையற்ற தாளமாக, இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இசை எங்களோடு வாழ்ந்தது.

அதற்குள் அண்ணனின் செவி போய்விட்டது. விசைத்தறிக் கொட்டகையின் இரைச்சல் 90 டெசிபலுக்கு மேற்பட்டது. நாள்தோறும் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் அதற்குள் நிற்பவன் செவி முதலில் மெல்லிய ஒலிகளை இழக்கும். குயிலின் குரலும் குழந்தையின் மழலையும் முன்னே போகும். பிறகு பேச்சில் மெய்யெழுத்துகள் மங்கும். நம் ஊரில் இதை நோயென்று யாரும் சொல்வதில்லை. தறிக்காரருக்குக் காது மந்தம் என்பது, மீனவருக்கு மேனி கறுத்திருக்கும் என்பது போல இயல்பாகச் சொல்லப்படும். வெள்ளைக்காரர் நாட்டு இலங்காஷயர் நெசவாலைகளில் வேலை செய்த பெண்கள் உதட்டின் அசைவைக் கொண்டே ஒருவரோடொருவர் பேசினர் என்று படித்திருக்கிறேன். நம் கொட்டகைகளிலும் தார் தீர்ந்தது, பாவு அறுந்தது என்பதெல்லாம் கைச்சாடையால்தானே சொல்லப்படுகின்றன! செவி தேயத் தேயக் கண் கூர்மை பெறுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் தேவைப்படும்.

அக்குழு பெங்களூருக்கு வரும் செய்தியை நாளிதழில் கண்டபோது அண்ணனுக்கு நாற்பதுகளின் நடுவயது. இடக்காதில் ஒன்றுமில்லை, வலக்காதில் கத்தினால் சிறிது கேட்கும். அவரிடம் செய்தியைக் காட்டவா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். பசித்தவன் முன் இலையை மட்டும் விரிப்பதாக முடியுமோ என்று அஞ்சினேன். இறுதியில் காட்டினேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போலாந் தம்பி. கேக்கறதுக்கில்ல. இருக்கறாங்களான்னு பாத்துட்டு வரலாம்."

பயணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. சேலம் சென்று, தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர் வழியாகப் பெங்களூர் அடைந்தோம். அதற்கு முந்தைய ஆண்டில் நாடு முழுவதும் பருவமழை பொய்த்திருந்தது. சரபங்கா நதியில் மணலைத் தவிர வேறொன்றுமில்லை. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை பாசனத்திற்குத் திறக்கப்படவுமில்லை. காவிரிப் பூசலின் வெம்மை ஆறாத காலமாகையால் ஒசூரைத் தாண்டியதும் தமிழை உரக்கப் பேச எனக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது. அண்ணனோடு உரக்கப் பேசாமல் எப்படிப் பேசுவது? ஆகவே அவ்வழி முழுதும் பேசாமலே சென்றோம். அக்குழுவின் ஆங்காங், சீன நிகழ்ச்சிகள் சார்ஸ் என்னும் கொள்ளைநோயால் கைவிடப்பட்டிருந்தன. இராக்கில் போர் நடந்து கொண்டிருந்தது. எந்த நேரத்தில் எது நின்றுபோகும் என்று சொல்ல முடியாத வேனில் அது.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. எடப்பாடியில் ஓராண்டாகக் காணாத மழையைப் பெங்களூரில், அதுவும் திறந்த வெளியில், கண்டோம். செம்மண் சேறு கணுக்காலை ஏறியது. தமிழர் என்று எங்கள் பேச்சாலேயே அறிந்துகொண்ட கன்னட இளைஞர் ஒருவர், தாம் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு முனையை ஒன்றும் பேசாமல் எங்கள் தலைமேல் இழுத்துவிட்டார். காவிரியைப் பற்றி எவர் என்ன பேசினாலும் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் விரிப்பு நினைவுக்கு வருகிறது.

அவர்கள் மேடைக்கு வந்தார்கள். பாடகர் மிக் ஜாகருக்கும் கிதார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்சுக்கும் அப்போது வயது ஐம்பத்தொன்பது. மற்றொரு கிதார்க் கலைஞரான ரான் உட்டுக்கு ஐம்பத்தைந்து. முரசுகளின் நடுவே அமர்ந்திருந்த சார்லி வாட்சுக்கு அறுபத்தொன்று. முகங்களில் உழுத வயல்போல் கோடுகள். கண்டவுடன் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்: ஏமாற்றம். என் தறிக்கொட்டகைக் குரலுக்கு இவ்வளவு வயதாகியிருக்கும் என்று நான் எண்ணவில்லை. ஜாகர் மேடையின் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் ஓடினார். இளைஞர்க்கே மூச்சு வாங்கும் ஓட்டம். ஆயினும் 'நான் இன்னும் ஓடுகிறேன் பார்' என்று ஓடுவது வேறு. ஓட்டம் வருவதால் ஓடுவது வேறு. நடுவில் அரைமணி நேரம் முன்னதாகவே தயாரித்து வைத்த சரக்கைப் பிரித்துப் போடுவது போன்றே இருந்தது. பெரும்புகழ் பெற்ற முதிய கலைஞர் அனைவரும் ஓரளவுக்குத் தம்மைத் தாமே நடித்துக் காட்டுகிறார்கள். நம் மேடைகளிலும் இதைக் கண்டிருக்கிறோம். பெயர் சொல்ல வேண்டாம்.

பாடல்களைப் பற்றியும் ஒரு சொல். பெண்ணைப் பாடும் அவர்களது பாடல்களுள் பல எனக்கு உவப்பானவை அல்ல. அடிமைப் பெண்ணைப் பற்றிய 1971ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பாடல் ஒன்றை 2021ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவர்களே நிறுத்தி வைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்தாயினும் நிறுத்தினார்களே என்று சொல்லலாம். ஐம்பது ஆண்டு ஆயிற்றே என்றும் சொல்லலாம்.

என் ஏமாற்றத்தில் நான் அமிழ்ந்திருந்த நேரத்தில் அண்ணன் என் தோளை இறுகப் பற்றினார். அவர் ஜாகரைப் பார்க்கவே இல்லை. மேடைக்குப் பின்னிருந்த பெருந்திரையில் அவ்வப்போது தோன்றி மறைந்த அந்த முரசுக்காரரையே பார்த்துக் கொண்டிருந்தார். "தம்பி, அவரு சோத்தாங்கையப் பாத்தியா? ஒரு அடி உடறாரு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் என் வலக்கையைப் பிடித்துத் தம் தொடையில் தட்டிக் காட்டினார். பிறகுதான் கண்டேன். அதைக் கவிஞர்களாகிய உங்களுக்கு இயன்ற வரை விளக்க முயல்கிறேன்.

இவ்வகை இசையின் தாளம் நான்கு எண்ணிக்கை கொண்டது. முரசு வாசிப்பவரின் வலக்கை, காலால் இயங்கும் இரட்டைத் தகட்டின்மேல் எண்ணிக்கைக்கு இரண்டு வீதம் எட்டுத் தட்டுகள் தட்டும். இடக்கை இரண்டாம் எண்ணிக்கையிலும் நான்காம் எண்ணிக்கையிலும் பக்கத்திலுள்ள சிறு முரசை ஓங்கி அடிக்கும். பெரும்பாலோர் இடக்கை அடிக்கும் அதே கணத்தில் வலக்கையையும் தகட்டில் தட்டிக்கொண்டே செல்வர். சார்லி வாட்ஸ் அவ்வாறு செய்வதில்லை. இடக்கை இறங்கும் அந்தக் கணத்தில் வலக்கையைத் தகட்டினின்றும் மேலே தூக்கிவிடுகிறார். எட்டில் இரண்டு ஒலிப்பதில்லை. அந்தச் சிறு முரசின் அடி துணையின்றித் தனியே விழுகிறது. விழுவதால் அதன் முகம் தெளிகிறது. தெளிவதற்கு முந்தைய இமைப்பொழுதில் கேட்போன் உடல் சற்றே முன்னோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வைத்தான் இருபது ஆண்டுகளாக எங்கள் கொட்டகையில் உணர்ந்து வந்தோம். எதனால் சாய்கிறோம் என்று செவிக்குத் தெரியவில்லை. ஏனெனில் அது ஒலியன்று, ஒலியின்மை. ஒலியாததைச் செவி எவ்வாறு கண்டுபிடிக்கும்? செவி போனவர் கண்ணால் கண்டுபிடித்தார்.

நம் மரபில் இதற்குப் பெயர் உண்டு. கையால் தட்டி ஒலி எழுப்பும் செயலும் தாளம். கையை ஒலியின்றி வீசுவதும், விரல்களை எண்ணுவதும் தாளம். சசப்தக் கிரியை, நிசப்தக் கிரியை என்று இசை நூலார் பகுப்பர். வீச்சுக்கு ஒலி இல்லை என்பதற்காக அதை யாரேனும் கணக்கில் விடுவதுண்டோ? யாப்பிலும் இது உண்டு. வெண்பாவின் அடிகள் நாற்சீர் பெற்று நடந்து வந்து, ஈற்றடி மட்டும் முச்சீராய் நிற்கிறது. அங்கே வராது நின்ற நான்காம் சீர்தான் வெண்பாவை முடித்து வைக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். வெண்பா எழுதும் நம் உறுப்பினர் சிலர் ஈற்றடியில் மூச்சு முட்டச் சொற்களைத் திணிக்கும்போது, அவர்களை ஒருமுறை அந்த முரசுக்காரரின் கையைக் காணச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இதை நான் எவரையும் நோக்கிச் சொல்லவில்லை. என் முதல் தொகுதியை நோக்கியே சொல்கிறேன்.

கீத் ரிச்சர்ட்சும் இவ்வழியினரே. ஆறு தந்திகள் கொண்ட கிதாரில் தடித்த ஆறாம் தந்தியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐந்து தந்திகளை வேறு வகையாகச் சுருதி கூட்டித் தம் பல பாடல்களை வாசிக்கிறார்.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நெசவூரில் பேசுவதால் மேலும் சொல்லியாக வேண்டும். அது பருத்திக்காட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் சமவெளியில், அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர் பருத்தி எடுத்து வாழ்ந்த நிலத்தில் 'புளூஸ்' என்னும் பாட்டு முளைத்தது. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஸ்டோவல் என்னும் பண்ணைக்கு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருட்டு நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்ய ஆலன் லோமாக்ஸ் என்பவரும் ஜான் வொர்க் என்னும் கறுப்பின அறிஞரும் சென்றனர். அங்கே டிராக்டர் ஓட்டிக் கொண்டிருந்த ஓர் இளைஞர் பாடினார். மக்கள் அவரை மடி வாட்டர்ஸ் என்று அழைத்தனர். கலங்கல் நீர் என்று பொருள். இரண்டாண்டு கழித்து அவர் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். மதுக்கடைகளின் இரைச்சலில் மரக் கிதாரின் ஒலி எடுபடாமையால் மின்கிதாரைக் கையில் எடுத்தார். இரைச்சலை வெல்லப் பிறந்த கருவி என்று அதைச் சொல்லலாம். 1950ஆம் ஆண்டில் அவர் பதிவு செய்த பாட்டு ஒன்றின் பெயரையே இலண்டன் இளைஞர்கள் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். நிகழ்ச்சிக்குப் பெயர் கேட்டுத் தொலைபேசியில் ஒருவர் வினவ, குழுவை நிறுவிய பிரையன் ஜோன்ஸ் தரையில் கிடந்த இசைத்தட்டு உறையைப் பார்த்து அப்பெயரைச் சொன்னார் என்பர்.

அதற்கும் முன்பே, 1961ஆம் ஆண்டில் டார்ட்ஃபோர்டு தொடர்வண்டி நிலையத்தில் ஜாகர் கையில் இருந்த மடி வாட்டர்ஸ், சக் பெர்ரி இசைத்தட்டுகளைக் கண்டுதான் சிறுவயதுத் தோழரான ரிச்சர்ட்ஸ் அவரோடு மீண்டும் பேசத் தொடங்கினார். அண்ணனிடம் இருந்த ஒலிநாடாவின் அட்டையைக் கண்டு நான் பேசத் தொடங்கியதும் அவ்வாறே.

ஏழைக் கறுப்பின மக்களின் பாட்டை எடுத்து வெள்ளை இளைஞர் பொருள் குவித்தனர் என்னும் குற்றச்சாட்டு உண்டு, அது பொய்யன்று. அதனோடு சேர்த்து நினைக்க வேண்டிய இரண்டு காட்சிகளும் உண்டு. 1965ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு இவர்களை அழைத்தபோது, ஹவ்லின் உல்ஃப் என்னும் புளூஸ் பாடகரையும் மேடை ஏற்ற வேண்டும் என்று கேட்டு அவ்வாறே செய்வித்தார்கள். ஐம்பத்து நான்கு வயதான அவர் பாடும்போது அம்மேடையிலேயே கீழே அமர்ந்து கேட்டார்கள். 1981ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் சிகாகோவில் சிறிய மதுக்கூடம் ஒன்றில் மடி வாட்டர்ஸ் பாடிக் கொண்டிருந்த இடத்திற்கு ஜாகரும் ரிச்சர்ட்சும் உட்டும் சென்று, அவர் அழைக்க ஒருவர்பின் ஒருவராக மேடையேறினர். அதன் படச்சுருள் வெளிவந்திருக்கிறது. கிழவரின் பக்கத்தில் நிற்கையில் அவர்கள் முகத்தில் இருப்பது புகழ்பெற்றோரின் முகமன்று, தேர்வெழுத வந்த பிள்ளைகளின் முகம். ஒன்றரை ஆண்டுக்குள், 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் மடி வாட்டர்ஸ் மறைந்தார்.

சங்கப் பாணர் ஒருவர் பரிசில் பெற்றுத் திரும்பும் வழியில் எதிர்ப்படும் மற்றொரு பாணரை ஆற்றுப்படுத்துவார். நான் கண்டேன், நீயும் சென்று காண்க என்பதே ஆற்றுப்படையின் சாரம். கேட்டேன் என்பதன்று, கண்டேன் என்பது. ஒலித்தட்டும் ஒலிநாடாவும் வந்தபின்னும் அந்தச் சொல்லுக்குத் தேவை தீரவில்லை என்பதை எனக்குக் காட்டியது பெங்களூர் மழை.

கவிஞர்கள் கூடிய அவையாதலால் மற்றொரு செய்தியையும் விட மனமில்லை. பிரையன் ஜோன்ஸ் 1969ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் இருபத்தேழு வயதில் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். இரண்டு நாள் கழித்து இலண்டன் ஹைடு பூங்காவில் முன்னரே ஏற்பாடாகியிருந்த இலவச நிகழ்ச்சியைக் குழுவினர் நிறுத்தவில்லை. பெருந்திரளான இளைஞர் முன்னிலையில் பாட்டைத் தொடங்குவதற்கு முன் ஜாகர் ஒரு நூலைக் கையில் எடுத்துப் படித்தார். கீட்சின் மறைவுக்கு இரங்கி 1821ஆம் ஆண்டில் ஷெல்லி பாடிய 'அடோனைஸ்' அது. பின்னர் பெட்டிகளிலிருந்து வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்க விட்டனர். வெப்பத்தில் அவற்றுள் பல முன்னரே செத்திருந்தன. கையறுநிலை என்னும் துறை நமக்குப் புதிதன்று. பாரிக்குக் கபிலர் பாடியதைப் பாடமாய்ப் படித்திருக்கிறோம். ஆயினும் மின்கிதாரும் ஒலிபெருக்கியும் சூழ, இளைஞர் கூட்டத்தின் நடுவே ஒருவர் தன் தோழனுக்காக நூற்றைம்பது ஆண்டுப் பழங்கவிதையைத் தேடிப் பிடித்துப் படித்தார் என்பதை எண்ணும்போது, கவிதை எவ்விடத்தில் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாதென்று தோன்றுகிறது. அவர் நன்றாகப் படித்தார் என்று நான் சொல்லவில்லை. செத்த பூச்சிகள் எனக்கு நெடுநாள் உறுத்தலாகவும் இருந்தன.

மீண்டும் பெங்களூருக்கு வருகிறேன். நிகழ்ச்சி முடிந்து இரவுப் பேருந்தில் ஈர உடையோடு திரும்பினோம். ஒலிபெருக்கிகளின் முழக்கம் என் செவியில் விடியும்வரை ரீங்கரித்தது. அப்போதுதான் அண்ணன் நாள்தோறும் இருக்கும் உலகில் நான் சற்று நேரம் இருந்தேன் என்று பட்டது. ராக் இசைஞர் பலர் இவ்வாறே செவியை இழந்திருக்கின்றனர். 'தி ஹூ' என்னும் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தம் செவிக்கேட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தறிக்காரரும் ராக் இசைஞரும் ஒரே நோயில் உறவினர்.

தொப்பூர் இறக்கத்தில் அண்ணன் விழித்திருந்தார். வலக்கை விரல்கள் தொடையில் தட்டிக் கொண்டிருந்தன. ஒவ்வொரு இரண்டாம் எண்ணிக்கையிலும் உயர்ந்து நின்றன. ஊர் வந்து சேர்ந்தபின் ஒரு வாரம் கழித்துக் கொட்டகைக்குச் சென்றேன். தறிகள் ஓடிக் கொண்டிருந்தன. நாடாவின் போக்கு வரவைக் காட்டி, என் காதருகே வந்து, "இதுவும் நாலுதான் தம்பி. ஆனா இது ஒண்ணும் உடாது" என்றார். எத்தனையோ தறிப்பாட்டு எழுதப்பட்டிருக்கிறது, நானும் எழுதியிருக்கிறேன். தறியின் ஓசையில் குறை இன்னதென்று சொன்ன வரியை நான் எங்கும் படித்ததில்லை.

அக்காலத்து ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயின. நான்கு தறிகளுள் மூன்றை அண்ணன் விற்றுவிட்டார். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் சார்லி வாட்ஸ் தம் எண்பதாம் வயதில் மறைந்தார். செய்தியைச் சொல்ல மறுநாள் காலை அண்ணன் வீட்டிற்குச் சென்றேன். செய்தியைச் செல்பேசியில் காட்டினேன். படித்தார். திண்ணையில் நெடுநேரம் இருந்தோம். வலக்காதும் அதற்குள் முழுவதும் அடைந்து போயிருந்தது. அவர் பேசுவார், நான் எழுதிக் காட்டுவேன்.

இரண்டாண்டு கழித்து, 2023ஆம் ஆண்டு அக்டோபரில், அக்குழுவின் புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தது. வாட்ஸ் மறைவதற்குமுன் வாசித்து வைத்த இரண்டு பாடல்கள் அதில் உள்ளன. இறுதிப் பாட்டு, எந்தப் பாட்டிலிருந்து பெயரை எடுத்தார்களோ அந்த மடி வாட்டர்சின் பாட்டு. ஜாகரும் ரிச்சர்ட்சும் மட்டும், வேறெவர் துணையுமின்றி, அதைப் பாடி வாசித்திருக்கிறார்கள். முரசு இல்லை. பெயர் சூட்டி அறுபத்தோர் ஆண்டுக்குப் பிறகே அதைத் தொகுப்பில் சேர்க்கத் துணிந்தார்கள் என்பதைத் தாளில் எழுதிக் காட்டினேன். அண்ணன் தலையசைத்தார். பிறகு வாட்சின் இடத்தில் இப்போது வாசிப்பது யார் என்று கேட்டார். 'ஸ்டீவ் ஜார்டன்' என்று எழுதினேன்.

"அவரு கையத் தூக்கறாரா?" என்றார்.

தெரியவில்லை என்று எழுதினேன். அவர் அந்தத் தாளை வாங்கி, நான் எழுதியதன் கீழே, "போய்ப் பார்த்தால் தெரியும்" என்று தம் கையால் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.